நற்செய்தி வாசகத்தோடு ஒரு வாரம்: சிங்கப்பூரில் புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

நற்செய்தியைத் தினமும் வாசிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, மத்தேயுவின் முதல் பக்கத்தைத் திறந்து, ஆபிரகாமில் தொடங்கும் அந்தத் தலைமுறைப் பட்டியலிலேயே நின்றுபோனவர்கள் நம்மில் நிறையப் பேர். இன்னும் சிலர் விடாமல் வாசிக்கிறார்கள். ஆனால் வாசித்து முடித்த கையோடு "இதில் எனக்கு என்ன பாடம்?" என்று கேட்டு, "பொறுமை வேண்டும்", "மன்னிக்க வேண்டும்" என்று ஒரு வரி எழுதி நோட்டை மூடிவிடுகிறார்கள். ஒரு மாதம் போனதும் எல்லா வாசகமும் ஒரே பாடத்தைச் சொல்வதுபோலத் தோன்றும். அப்புறம் அலுப்பு வராமல் என்ன செய்யும்?

இந்த இரண்டு வகையினரையும் மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன். இங்கே சொல்லப்போகும் முறைக்கு ஒரே ஒரு பிடிவாதம் உண்டு: முதலில் பகுதியைப் பாருங்கள், உங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நான் கத்தோலிக்கப் பங்கில் பழகியவன். அதனால் திருப்பலி, வாசக ஒழுங்கு என்றுதான் பேச்சு வரும். மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன், லுத்தரன் சபைகளைச் சேர்ந்தவர்கள் அந்தந்த இடத்தில் ஆராதனை, சுவிசேஷம் என்று மாற்றி வாசித்துக்கொள்ளுங்கள். முறைக்கு ஒன்றும் ஆகிவிடாது.

எந்தப் பகுதி?

கண்ணை மூடிக்கொண்டு விவிலியத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தை அன்றைய வாக்காக எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடையே பலருக்கு உண்டு. காலையில் கைப்பேசியில் வந்து விழும் வசனப் படமும் கிட்டத்தட்ட அதே வகைதான். அந்த வழியில் போனால் வசனம் கிடைக்கும், கதை கிடைக்காது. யார் யாரிடம் எப்போது சொன்னது என்று தெரியாத ஒரு வரியை நம் விருப்பத்துக்கு எந்தப் பக்கமும் வளைத்துவிடலாம்.

நாம் தேர்ந்தெடுக்கத் தேவையே இல்லாமல் திருச்சபை ஓர் அட்டவணை தந்திருக்கிறது. கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு 1969-ல் வந்த வாசக ஒழுங்கு அது. அதன்படி ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சியில் வரும். முதல் ஆண்டு மத்தேயு, இரண்டாம் ஆண்டு மாற்கு, மூன்றாம் ஆண்டு லூக்கா. யோவானுக்குத் தனி ஆண்டு கிடையாது. தவக்காலத்திலும் பாஸ்கா (உயிர்ப்பு விழா) காலத்திலும் அவரை நிறையக் கேட்போம். மாற்கு நற்செய்தி பதினாறே அதிகாரம் என்பதால், அந்த ஆண்டின் நடுவில் ஐந்து ஞாயிறுகள் யோவானின் ஆறாம் அதிகாரத்துக்குப் போகின்றன.

திருவழிபாட்டு ஆண்டு ஜனவரியில் தொடங்குவதில்லை, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தைய வாரங்களான திருவருகைக் காலத்தில் தொடங்குகிறது. 2025 நவம்பர் 30 அன்று மத்தேயு ஆண்டு தொடங்கியது. 2026 நவம்பர் 29 முதல் மாற்கு. நினைவில் வைக்க ஒரு சின்னக் கணக்கு: ஆண்டு எண்ணை மூன்றால் வகுங்கள். மீதி ஒன்று வந்தால் மத்தேயு, இரண்டு வந்தால் மாற்கு, மீதியே இல்லை என்றால் லூக்கா. நவம்பர் கடைசியில் திருவருகைக் காலம் தொடங்கிவிட்டால் அடுத்த ஆண்டின் எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

வார நாள்களுக்கும் தனி வரிசை உண்டு. திருவருகை, தவம், பாஸ்கா போன்ற சிறப்புக் காலங்கள் போக மீதியுள்ள பொதுக்காலத்தில் முதல் ஒன்பது வாரம் மாற்கு, பத்திலிருந்து இருபத்தொன்று வரை மத்தேயு, மீதி வாரங்கள் லூக்கா. இந்த நற்செய்தி வரிசை ஒவ்வோர் ஆண்டும் மாறாமல் திரும்ப வரும். முதல் வாசகம் மட்டும் இரண்டு ஆண்டுச் சுழற்சியில் மாறி மாறி வரும்.

சரி, புதிதாகத் தொடங்குபவர் எதை எடுப்பது? தினசரி வாசகத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள் என்பேன். வரப்போகும் ஞாயிற்றின் நற்செய்தி ஒன்றை மட்டும் எடுத்து, திங்கள் முதல் சனி வரை அதையே வாசியுங்கள். "ஒரே பகுதியையா, ஆறு நாளா?" என்று கேட்பீர்கள். ஆம். மூன்றாம் நாள் வரை நாம் வாசிப்பது நமக்கு ஏற்கெனவே தெரிந்த கதையைத்தான். நான்காம் நாள்தான் பக்கத்தில் உள்ள கதை கண்ணில் படத் தொடங்கும்.

புத்தகமும் மொழியும்

கத்தோலிக்கத் திருப்பலிகளில் நீங்கள் கேட்பது 1995-ல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம். பிற சபைகளில் பெரும்பாலும் பழைய மொழிபெயர்ப்பு புழக்கத்தில் இருக்கிறது. நற்செய்திகளைப் பொறுத்தவரை எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். இரண்டும் வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது. 1715-லேயே தரங்கம்பாடியில் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகிவிட்டது. மூன்று நூற்றாண்டுகளாக நம் மொழியில் இருக்கும் ஒன்றை, இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் காதால் கேட்டுவிட்டுப் போவது எனக்கு வருத்தம்தான். ஆனால் அதற்காக அவர்களைக் கட்டாயப்படுத்த வேண்டாம். எந்த மொழியில் சட்டென்று கோபமும் கெஞ்சலும் வருகிறதோ, அந்த மொழியில் செபம் செய்வது எளிது. ஆங்கிலத்தில் வாசித்துப் புரிந்துகொண்டு, பிறகு தமிழில் சத்தமாக ஒருமுறை வாசிப்பதும் ஒரு வழி.

கைப்பேசியில் வாசிக்கலாமா? வாசிக்கலாம். அறிவிப்புகளை அணைத்துவிட்டு வாசியுங்கள். முடிந்தால் ஞாயிறு நற்செய்தியை ஒரு தாளில் அச்செடுத்தோ கையால் எழுதியோ வைத்துக்கொள்ளுங்கள். கோடு போட, கேள்விக்குறி போட, ஓரத்தில் கிறுக்கத் தாளைப் போல வசதி வேறில்லை.

நேரமும் இடமும்

இதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பதினைந்து நிமிடம் போதும். வீவக வீட்டில் எல்லோரும் எழுவதற்கு முன் சமையலறை மேசையில் கிடைக்கலாம். ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் அங்கேயே முடித்துவிடலாம். தங்கும் விடுதியில் இருக்கும் சகோதரர்களுக்கு அறையில் தனிமை கிடைக்காது, விடியும் முன்பே லாரி வந்துவிடும். அவர்கள் இரவில் காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு, பகுதியைக் குரல்பதிவாகக் கேட்கலாம். பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் வேறு சமயத்தவராக இருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். வீட்டு வேலை செய்யும் சகோதரிகளுக்கு வேலை முடிந்து படுக்கப் போகும் அந்தக் கொஞ்ச நேரம்தான் சொந்தம். தூக்கம் வந்தால் தூங்கிவிடுங்கள். கடவுள் கணக்கு எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை.

வாசிப்பது எப்படி?

12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இரண்டாம் கிகோ என்ற கார்த்தூசியத் துறவி, இறைவார்த்தையோடு இருப்பதை நான்கு படி கொண்ட ஏணியாகச் சொன்னார்: வாசித்தல், தியானித்தல், செபித்தல், பேச்சடங்கி இறைவனோடு இருத்தல். லெக்ஸியோ திவீனா என்று தியானக் கூட்டங்களில் சொல்லக் கேட்டிருப்பீர்கள், அதுதான் இது. எல்லோரும் மூன்றாம் படியையும் நான்காம் படியையும் பற்றி நிறையப் பேசுகிறார்கள். புதிதாக வருபவர் சறுக்குவது முதல் படியில்தான். வாசிப்பதற்குமுன் தியானிக்கப் போய்விடுகிறோம்.

திங்கட்கிழமை மெதுவாக, உதடு அசைய, ஒருமுறை வாசியுங்கள். செவ்வாய்க்கிழமை ஒரு பென்சிலோடு உட்காருங்கள். யார் யார் இருக்கிறார்கள்? யார் பேசுகிறார்கள், யார் பேசவே இல்லை? எங்கே நடக்கிறது? எந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது? தேவையே இல்லாததுபோலத் தோன்றும் விவரம் எது? இந்தக் கடைசிக் கேள்விதான் எனக்குப் பிடித்தது. கடலில் புயல் அடிக்கும்போது இயேசு தூங்கினார் என்று மூன்று நற்செய்தியாளர்கள் சொல்கிறார்கள். தலையணையில் தூங்கினார் என்பது மாற்குவில் மட்டும்தான் இருக்கிறது. ஐயாயிரம் பேருக்கு உணவளித்தபோது புல் பச்சையாக இருந்தது என்பதும் மாற்கு சொல்லும் செய்திதான். யோவான், அப்போது யூதர்களின் பாஸ்கா விழா நெருங்கியிருந்தது என்கிறார். இளவேனிற்காலம், மழை முடிந்திருக்கும், புல் பச்சையாகத்தான் இருக்கும். ஒருவர் பருவத்தைச் சொல்ல, இன்னொருவர் தரையின் நிறத்தைச் சொல்கிறார். இதில் பாடம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் புல்லில் நீங்களும் ஓரமாக உட்கார்ந்துவிட்டீர்கள், இல்லையா?

புதன்கிழமை, உங்கள் பகுதிக்கு முன்னால் இருப்பதையும் பின்னால் இருப்பதையும் வாசியுங்கள். முடிந்தால் அந்த அதிகாரம் முழுவதையும் வாசித்துவிடுங்கள். வியாழக்கிழமை, அதே நிகழ்ச்சி வேறு நற்செய்தியில் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான பதிப்புகளில் தலைப்புக்குக் கீழேயோ அடிக்குறிப்பிலோ இணைப்பகுதிகளைக் குறித்திருப்பார்கள். வெள்ளியும் சனியும் உங்களுக்கானவை. அதற்குப் பிறகு வருவோம்.

ஓர் எடுத்துக்காட்டு: எரிகோவில் பார்வையற்றவர்

மாற்கு 10:46 முதல் 52 வரை. மாற்கு ஆண்டில் பொதுக்காலம் 30-ஆம் ஞாயிறு இந்தப் பகுதி வரும். ஏழே வசனம். பார்வையற்ற பர்த்திமேயு கூப்பிடுகிறார், இயேசு குணமாக்குகிறார், "நம்பிக்கையோடு கேட்டால் கிடைக்கும்" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடலாம். அப்படிப் போகாமல் பார்ப்போம்.

முதலில் பெயர். மாற்கு சொல்லும் குணமளிக்கும் கதைகளில் தொழுநோயாளர், கை சூம்பியவர், முடக்குவாதமுற்றவர் என்று பலர் வருகிறார்கள். குணமானவரின் பெயர் நமக்குத் தெரிவது இங்கே மட்டும்தான். அந்தக் காலத்து நம்பிக்கையாளர் நடுவே அவரைத் தெரிந்தவர்கள் இருந்திருக்கலாம்.

அடுத்து, கூட்டம். அவர் கத்தும்போது பலர் அதட்டி அடக்குகிறார்கள். இயேசு நிற்கிறார். நின்று, தாமே அவரை நோக்கிக் கூப்பிடவில்லை. அவரைக் கூப்பிடுங்கள் என்று கூட்டத்திடம் சொல்கிறார். "சும்மா இரு" என்று அதட்டிய அதே கூட்டம் இப்போது, துணிவுடன் எழுந்து வா, உன்னைக் கூப்பிடுகிறார் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. குணமானது ஒருவர் மட்டும்தானா என்று எனக்குச் சந்தேகம்.

பிறகு மேலுடை. அவர் அதை எறிந்துவிட்டுக் குதித்தெழுந்து வருகிறார். பிச்சையெடுப்பவருக்கு இரவில் போர்வை அதுதான், கையில் இருக்கும் ஒரே சொத்தும் அதுவாக இருக்கலாம். புதன்கிழமை வேலை இங்கே பயன்படும். அதிகாரத்தைப் பின்னோக்கி வாசித்தால் 17-ஆம் வசனத்தில் ஒரு செல்வர் ஓடிவருகிறார். உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு வா என்றதும் முகம் வாடிப் போய்விடுகிறார். அவருக்குச் சொத்து ஏராளம். அதே அதிகாரத்தின் கடைசியில், யாரும் கேட்காமலே ஒருவர் தன் ஒரே துணியை எறிகிறார்.

இன்னும் நெருக்கமான ஒன்று நடுவில் இருக்கிறது. 35-ஆம் வசனத்தில் யாக்கோபும் யோவானும் வந்து ஒன்று கேட்க வேண்டும் என்கிறார்கள். நான் உங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று இயேசு கேட்கிறார். அரியணையில் வலப்புறமும் இடப்புறமும் இடம் வேண்டும் என்கிறார்கள். பத்துப் பதினைந்து வசனம் தாண்டி, அதே கேள்வியைப் பர்த்திமேயுவிடமும் கேட்கிறார். நான் மீண்டும் பார்வை பெற வேண்டும் என்கிறார் அவர். கூடவே நடந்தவர்கள் நாற்காலி கேட்கிறார்கள், வழியோரத்தில் இருப்பவர் கண் கேட்கிறார். பதினைந்தாம் அதிகாரத்தில் இயேசுவின் வலப்புறமும் இடப்புறமும் இருப்பவர்கள் யார் என்பதையும் போய்ப் பாருங்கள்.

வியாழக்கிழமை லூக்கா 18-ஐயும் மத்தேயு 20-ஐயும் திறக்கிறீர்கள். லூக்காவில் பெயர் இல்லை. மத்தேயுவில் பார்வையற்றவர் இருவர். மத்தேயுவில் இடம் கேட்பவரும் யாக்கோபு யோவானின் தாய். ஏன் இப்படி வேறுபாடு என்று பதறத் தேவையில்லை. குறித்து வையுங்கள். ஒவ்வொருவரும் எதை அழுத்திச் சொல்ல விரும்பினார்கள் என்பது வேறுபாடுகளில்தான் தெரியும்.

கடைசி வசனம்: பார்வை பெற்றவர் அவரைப் பின்பற்றி வழியில் நடந்தார். தொடக்கத்தில் வழியோரம் உட்கார்ந்திருந்தவர் முடிவில் வழியில் நடக்கிறார். எந்த வழி? அடுத்த அதிகாரத்தைத் திறந்தால் எருசலேம். எரிகோ கடல் மட்டத்துக்கும் கீழே சுமார் 250 மீட்டரில் இருக்கிறது. எருசலேம் சுமார் 750 மீட்டர் உயரத்தில். நமது புக்கிட் தீமா ஏறக்குறைய 164 மீட்டர்தான். ஆறு புக்கிட் தீமாவை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஏறும் தூரத்தைப் பர்த்திமேயு புதுக் கண்ணோடு, சிலுவைக்குப் போகிறவரின் பின்னால் ஏறிப் போயிருக்கிறார். கேட்டது கிடைத்ததும் வீட்டுக்குப் போய்விட்ட கதை இது இல்லை.

இத்தனையும் ஏழு வசனத்தில். இறையியல் படித்தவர்தான் இதைப் பார்க்க முடியும் என்பதில்லை. முன்பக்கத்தைத் திருப்பத் தெரிந்த யாராலும் முடியும்.

வெள்ளிக்கிழமை உங்கள் முறை

இப்போது கேளுங்கள்: இந்தக் கதையில் நான் யார்? நமக்கு உடனே பர்த்திமேயுவாக இருக்கத்தான் ஆசை. கொஞ்சம் பொறுத்து, கூட்டமாக நின்று பாருங்கள். உணவங்காடி நிலையத்தில் மேசை துடைக்கும் முதியவர் ஏதோ சொல்ல வரும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டது நினைவுக்கு வரலாம். வீட்டில் பேச்சை எடுக்கும் மாமியாரையோ மகனையோ "இப்ப வேண்டாம்" என்று அடக்கியது வரலாம். எதுவும் வராமலும் போகலாம். வராததை இழுத்து வர வேண்டாம்.

16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனிதர் லொயோலா இஞ்ஞாசியார், நற்செய்தியில் வரும் காட்சிக்குள் நுழைந்து நிற்கச் சொன்னார். தூசி, வெயில், குரல், வாசனை எல்லாவற்றோடும். இது சிலருக்குத் தண்ணீர்பட்ட பாடு. சிலருக்குக் கற்பனை ஓடவே ஓடாது. ஓடாதவர்கள் ஒரு வசனத்தை மட்டும் எடுத்து மெதுவாகத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தால் போதும். இரண்டும் பழைய வழிகள்தான், எதுவும் குறைந்ததில்லை.

சனிக்கிழமை செபம். அழகான சொற்களைத் தேட வேண்டாம். பகுதியில் உள்ளதையே எடுத்துப் பேசுங்கள். என்ன செய்ய வேண்டும் என்று நீர் கேட்டால் எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை, ஆண்டவரே என்று சொல்வதும் முழுமையான செபம்தான். அப்புறம் இரண்டு நிமிடம் ஒன்றும் பேசாமல் இருங்கள். மனம் திங்கட்கிழமைக் கூட்டத்துக்கும் மின்கட்டணத்துக்கும் ஓடும். ஓடினால் திரும்பக் கூட்டி வாருங்கள்.

நோட்டில் நீளமாக எழுத வேண்டாம். நாளுக்கு இரண்டு வரி போதும்: இன்று பகுதியில் நான் பார்த்தது ஒன்று, புரியாதது ஒன்று. 'உணர்ந்தது' என்று தலைப்பு போட்டு எழுதினால் இரண்டே வாரத்தில் நாமே நமக்கு மறையுரை ஆற்றத் தொடங்கிவிடுவோம்.

ஞாயிற்றுக்கிழமை

ஆறு நாள் ஒரு பகுதியோடு இருந்துவிட்டு ஆலயத்துக்குப் போனால், வாசகம் காதில் விழும் விதமே வேறு. சாமியார் நீங்கள் பார்க்காத ஒன்றைச் சொல்வார். நீங்கள் பார்த்ததைச் சொல்லாமலும் விட்டுவிடுவார். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பங்குகளில் சனிக்கிழமை மாலையிலேயே ஞாயிறு திருப்பலி உண்டு, ஞாயிறு வேலை உள்ளவர்களுக்கு அது உதவும். நகர மையத்தில் சில ஆலயங்களில் வார நாள்களில் மதிய உணவு நேரத்திலும் திருப்பலி உண்டு.

தமிழில் கேட்க விரும்புகிறவர்கள் ஓஃபிர் ரோட்டில் உள்ள லூர்து மாதா ஆலயத்தைத் தெரிந்து வைத்திருப்பீர்கள். 1888-ல் கட்டி முடிக்கப்பட்டு, 2005-ல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்ட இந்த ஆலயம், தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் கத்தோலிக்கர்களின் வீடாக இருந்துவருகிறது. வேறு சில பங்குகளிலும் குறிப்பிட்ட நாள்களில் தமிழ்த் திருப்பலி நடக்கும். நேரங்கள் மாறும் என்பதால் அந்தந்தப் பங்கின் அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மெதடிஸ்ட் சபையினருக்கு ஷார்ட் ஸ்திரீட்டில் தமிழ் மெதடிஸ்ட் ஆலயமும், ஆங்கிலிக்கன் சபையினருக்கு டோர்செட் ரோட்டில் கிறிஸ்து ஆலயமும் இருக்கின்றன.

முடிந்தால் ஒரு சிறு குழு தேடுங்கள். ஊரில் அன்பியம் என்று பழகியிருப்பீர்கள். இங்கே பெயர் வேறாக இருக்கலாம், நாலைந்து குடும்பம் ஒரு வீட்டில் கூடி வாசிப்பது ஒன்றுதான். குழு இல்லை என்றால் நீங்களே இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒருவர் வாசிக்கட்டும், எல்லோரும் சற்று அமைதியாக இருங்கள், பிறகு ஒவ்வொருவரும் தான் பார்த்ததை வசன எண்ணோடு சொல்லட்டும். வசன எண் சொல்ல வேண்டும் என்ற சின்ன விதி பெரிய உதவி செய்யும். பேச்சு அரசியலுக்கும் அடுத்த பங்கின் கதைக்கும் நழுவாது. பிறருக்கு அறிவுரை சொல்வதைத் தவிருங்கள். ஒரு அக்கா தன் வீட்டுக் கஷ்டத்தைச் சொன்னால், கேட்டுக்கொண்டு அவருக்காகச் செபியுங்கள். தீர்ப்பும் தீர்வும் வேண்டாம், வெளியே கொண்டுபோகவும் வேண்டாம். ஒவ்வொரு குழுவிலும் அரை மணி நேரம் பேசும் ஓர் அண்ணன் இருப்பார். "அண்ணே, எந்த வசனம்?" என்று மரியாதையாகக் கேட்டால் போதும், தானாகச் சுருக்கிக்கொள்வார். கூட்டத்துக்குப் பிறகு வடையும் தேநீரும் கட்டாயம் என்பது என் தனிப்பட்ட கருத்து.

இடறும் பகுதிகள், வறண்ட நாள்கள்

சில பகுதிகள் முகத்தில் அறையும். பசியோடு வந்த இயேசு, கனி இல்லாத அத்திமரத்தைச் சபிக்கிறார் (மாற்கு 11). போதாக்குறைக்கு, அது அத்திப்பழக் காலம் இல்லை என்று மாற்குவே சொல்லிவிடுகிறார். மரத்தின்மேல் என்ன குற்றம்? இங்கேயும் முன்னும் பின்னும் வாசித்தால் வழி தெரியும். மரத்தைச் சபித்ததற்கும் அது பட்டுப்போனதைச் சீடர்கள் பார்த்ததற்கும் நடுவில், கோவிலில் விற்பவர்களை விரட்டும் நிகழ்ச்சியை மாற்கு வைத்திருக்கிறார். இலை நிறைய இருந்து கனி இல்லாதது மரம் மட்டுமா என்று கேட்கவைக்கிறார். எல்லாக் கேள்வியும் இதனால் தீர்ந்துவிடாது. தீராததை நோட்டில் வைத்திருங்கள். பின்னொரு நாள் அந்தப் பகுதி மீண்டும் எதிரே வரும்போது, கேள்வியே மாறியிருக்கும்.

கடினமான வசனத்தை எடுத்து வீட்டில் இருப்பவர்மீது வீசுவது மட்டும் கூடாது. பெற்றோருக்குக் கீழ்ப்படி, மனைவி பணிந்திரு, மறுகன்னத்தைக் காட்டு என்று அடுத்தவருக்காக வசனம் தேடுகிற நாளில் புத்தகத்தை மூடிவிட்டுப் பாத்திரம் கழுவப் போகலாம்.

வறண்ட நாள்கள் வரும். ஒன்றும் தோன்றாது, எழுத்து எழுத்தாகவே நிற்கும். அன்றைக்குப் பகுதியைச் சத்தமாக ஒருமுறை வாசித்துவிட்டு எழுந்துவிடுங்கள், அது போதும். ஒரு வாரம் விட்டுப்போனால் விட்ட பகுதிகளைத் துரத்திப் பிடிக்க வேண்டாம், இந்த வாரத்துப் பகுதியிலிருந்து தொடருங்கள். இங்கே நமக்கு எல்லாவற்றையும் இலக்கு வைத்து முடிக்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஓராண்டில் விவிலியம் முழுவதும் என்று அட்டவணை போட்டு, பிப்ரவரியில் லேவியர் நூலோடு கைவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வளர்கிறேனா என்று எப்படித் தெரியும்?

அழுகை வந்தது, மெய்சிலிர்த்தது என்பதையெல்லாம் அளவுகோலாக வைக்காதீர்கள். வரும், போகும். பவுல் கலாத்தியர் 5:22-23-ல் தூய ஆவியின் கனியைப் பட்டியலிடுகிறார்: அன்பு, மகிழ்ச்சி, அமைதி, பொறுமை, பரிவு, நன்னயம், நம்பிக்கை, கனிவு, தன்னடக்கம். இவற்றில் பாதிக்கு மேல், இன்னொரு மனிதர் எதிரே இருந்தால்தான் வெளியே தெரியும். அதனால் வளர்ச்சியைத் தனி அறையில் அளக்க முடியாது. ஆறு மாதம் கழித்து வீட்டில் இருப்பவரிடமோ அறை நண்பரிடமோ, என்னோடு இருப்பது முன்பைவிட எளிதாக இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். சங்கடமான கேள்விதான். பதில் நேர்மையாக வரும்.

இரவில் ஐந்து நிமிட ஆன்ம ஆய்வு இதற்குத் துணை. இதையும் இஞ்ஞாசியார் வலியுறுத்தினார். நன்றி சொல்ல எது இருந்தது, எங்கே தவறினேன், நாளைக்கு என்ன உதவி வேண்டும் என்று மூன்று கேள்வி. அந்த வாரத்து நற்செய்தியில் வரும் ஆள் ஒருவர் இந்த நேரத்தில் அடிக்கடி எட்டிப் பார்ப்பார். நோட்டில் எழுதி வைத்த கூட்டம் நினைவுக்கு வந்து, மறுநாள் காலை மின்தூக்கியில் பக்கத்து வீட்டுக்காரரிடம் இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசவைக்கும்.

யாரிடம் கேட்பது?

நோட்டில் 'புரியாதது' பக்கம் நிறையத் தொடங்கும்போது ஒருவரிடம் கொண்டுபோங்கள். திருப்பலி முடிந்து வாசலில் கைகுலுக்க வரிசை நிற்கும்போது அத்திமரத்தைப் பற்றிக் கேட்டால் எந்தச் சாமியாராலும் பதில் சொல்ல முடியாது. பங்கு அலுவலகத்தில் தொலைபேசி மூலமோ மின்னஞ்சலிலோ நேரம் கேளுங்கள், இரண்டு மூன்று கேள்விகளை வசன எண்ணோடு எழுதிக்கொண்டு போங்கள். மறைக்கல்வி ஆசிரியர்களும் அருள்சகோதரிகளும் நிறையச் சொல்லித் தருவார்கள். பங்குகளில் நடக்கும் விவிலிய வகுப்புகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருக்கும். தமிழில் வேண்டும் என்றால் நான்கு பேர் சேர்ந்து கேட்டுப் பாருங்கள், தனியாகக் கேட்பதைவிட அது சீக்கிரம் நடக்கும். தூக்கமே இல்லாமல், வாழவே பிடிக்காமல் இருக்கும் நிலையில் இருப்பவர் குருவைப் பார்ப்பதோடு பலதுறை மருந்தகத்துக்கும் போய் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்று என்று வைத்துக்கொள்ள வேண்டாம்.